தெய்வானையக்கா படிச்சா எங்க தெருவுக்கு வலிக்கும்

இந்தாருங்க, நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மொதல்ல என்ற வாயில நாய் கொலைக்கோணும், அப்புறம் பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கற பொம்பளை வரோணும், அப்புறம் மாப்பிள்ளையோட பெரியப்பன் பந்தியில கோவிச்சுக்கிட்டு எந்திரிக்கோணும், கடைசியா நம்ம விசைத்தறி டடக் டடக் டடக்குன்னு ஓடி, கரண்டு போயி, ஒரு பெருமூச்சு விட்டு நிக்கோணும், நீங்க கையைத் தட்டிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிருவீங்க. அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பேய்க்கதை வேணும். முன்னாடி உக்காந்திருக்கற அம்மிணிக்கு யாராச்சும் மாமியாளைத் திட்டோணும். பேய் இன்னைக்கு லீவுங்க. மாமியாளும் லீவு. எனக்கும் நாப்பத்தெட்டு முடியுது, பன்னெண்டு மணி நேரம் தறி ஓட்டிட்டு வந்து நாயாக் கொலைக்கறதுக்குத் தொண்டை ஒத்துக்கறதில்ல. இன்னைக்கு ஒரு பொம்பளை புஸ்தகம் படிச்ச கதை. பார்த்தீங்களா, நீலச் சட்டை போனை வெளிய எடுத்துட்டாரு. உள்ள வைங்க சாமி, கொலையும் வருது, குதிரையும் வருது.

எங்க தெருவுல நாப்பத்தியோரு வீடு, அத்தனையும் லைன் வீடு, அத்தனையும் சென்னியப்பன் முதலாளியோட வீடு, தெரு முடியற எடத்துல அவரோட தறிப்பட்டறை, பட்டறைக்கு எதுத்தாப்புல ஒரு வேப்பமரம், மரத்தடியில ஒரு புள்ளையாரு, அந்தப் புள்ளையாருக்கே காது மந்தம்னு சொல்லுவாங்க, அத்தனை சத்தம். காத்தால ஏழு மணிக்கு உள்ள போனா சாயங்காலம் ஏழு மணிக்கு வெளிய, ஒரு ஆளுக்கு ஆறு தறி. தெய்வானையக்கா அந்தப் பட்டறையிலதான் தார் சுத்துனாங்க, தார்னா தறியில குறுக்க ஓடற நாடாக் கட்டைக்குள்ள வெக்கற நூல்கண்டு, முப்பது வருசம் சுத்துனாங்க, முப்பது வருசத்துப் பஞ்சும் நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு, டாக்டரு படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு இனி பட்டறைப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்கன்னுட்டாரு. வீட்டுக்காரரு போயிச் சேர்ந்துட்டாரு, ஒரே மக, பல்லடத்துல மாமியா மாமனாரோட ஒத்த ரூம்பு வீட்ல குடியிருக்கறா. அக்கா ஜன்னலோரம் உக்காந்து மூச்சை எண்ணிட்டிருந்தாங்க. அது ஒரு வேலையான்னு கேக்காதீங்க, நெஞ்சுல பஞ்சு இருக்கறவங்களுக்கு மூச்சு தானா வராது, ஒண்ணொண்ணாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வர வெக்கோணும்.

ஒரு நாள் கடைவீதியில இருக்கற கிளை நூலகத்துக்கு மெல்ல நடந்து போயி ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வந்தாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்கதான். நாப்பது பக்கம் தாண்டினப்புறம் நிமிர்ந்து பார்த்து, எதுத்த வீட்ல அரிசி பொடைச்சிட்டிருந்த என்ற சம்சாரம் மயிலாத்தாளைக் கேட்டாங்களாம்.

"ஏ மயிலா, இத்தனை நேரம் நான் மூச்சு விட்டனா?"

"விடாமயாக்கா உசுரோட உக்காந்திருக்கறீங்க?"

"விட்டிருப்பேனாட்ட இருக்குது. எண்ணவே இல்ல பாரு."

அது ஒரு ராசா காலத்துக் கதைங்க, அதுல ஒரு தூதுவன் ஓலையை இடுப்புல சொருகிக்கிட்டு மூணு நாள் குதிரையை விட்டு எறங்காமப் போறான், அக்கா அந்த மூணு நாளையும் ஒரே மூச்சுல படிச்சு முடிச்சுட்டுப் படுத்துட்டாங்க, மக்யா நாள் காத்தால எங்க தெருவுல நாப்பத்தியோரு வீட்லயும் ஒருத்தருக்கும் ரெண்டு தொடையையும் சேர்த்து வெச்சு நடக்க முடியல. ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் காலை அகட்டி அகட்டிக் கொடத்தைத் தூக்கிட்டுப் பைப்படிக்குப் போனாங்க. மருந்துக் கடையில தைலம் தீர்ந்து போச்சு. என்னமோ ஏதோன்னு யாரும் பதறலீங்க, நோவுங்கறது எங்களுக்கு என்ன புதுச் சொந்தக்காரனா? மயிலாத்தா மட்டும் "அக்கா நேத்துக் குதிரைக் கதை படிச்சாங்க"ன்னா. "அப்படிச் சொல்லு, அதான பார்த்தேன்"ன்னுட்டு எல்லாரும் அகட்டின காலோடயே பட்டறைக்குப் போயிட்டோம்.

அதுலருந்து அக்கா படிச்சாங்க, நாங்க பட்டோம். கோட்டையை முற்றுகை போட்ட கதை படிச்சாங்க, நாங்க வெறும் வயித்தோட எந்திரிச்சோம். மொளகு எப்படிக் கப்பலேறிப் போச்சுன்னு எவரோ எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதின வரலாறு படிச்சாங்க, எங்க தெரு நாலு நாள் தள்ளாடிக்கிட்டே நடந்துச்சு, வாயெல்லாம் உப்பு. தண்டவாளம் போட்ட வரலாறு படிச்சாங்க, உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. தாது வருசப் பஞ்சத்தைப் பத்திப் படிச்ச வாரம் ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு மடங்கு சோறாக்கித் தின்னுட்டு, மூணாவது மடங்கைத் துணியில கட்டித் தலைமாட்டுல வெச்சுக்கிட்டோம், எதுக்குன்னு யாருக்கும் தெரியல.

கொலைக் கதைதான் பெரிய பாடு. அக்கா மொதப் பக்கத்தைத் திருப்பினாப் போதும், தெருவுல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டோம், டீக்கடையில பேச்சு நின்னு போயிரும், பல்லு வெளக்கற பிரஷ்ஷை ஒளிச்சு வெச்சவங்க உண்டு. படிச்சு முடிச்சதும் சரியாயிரும். ஆனா ஒரு தடவை நூலகத்துப் புஸ்தகத்துல கடைசிப் பதினாறு பக்கத்தை எவனோ கிழிச்சுட்டான். ஒம்பது நாளுங்க. ஒம்பது நாள் எங்க தெரு சந்தேகத்துலயே வெந்துச்சு. நானே என்ற பொண்டாட்டியை நிக்க வெச்சு, "செவ்வாக்கெழமை நாலு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் எங்க இருந்த?"ன்னு கேட்டேன். அவ என்னை மேலயும் கீழயும் பார்த்து, "நீங்க மொதல்ல சொல்லுங்க"ன்னா. கடைசியில தெருவுலருந்து மூணு பேரை ஈரோட்டுக்கு அனுப்பி, அங்க பெரிய நூலகத்துல அதே புஸ்தகத்தைத் தேடிப் புடிச்சு, அந்தப் பதினாறு பக்கத்தையும் போன்லயே அக்காவுக்குப் படிச்சுக் காட்டச் சொன்னோம். கொன்னது சித்தப்பன். நாப்பத்தியோரு வீடும் ஒண்ணாப் பெருமூச்சு விட்டுச்சு, அப்பத்தான் எங்க தெருவுல இருக்கற சித்தப்பனுங்க எல்லாம் வெளிய வந்தாங்க.

அப்புறம் ஒரு ஒழுங்கு வேணும்னு புள்ளையார் கோயில் செவுத்துல ஒரு கரும்பலகை மாட்டினோம். "இந்த வாரம்: துப்பறியும் கதை. பூட்டு சரிபார்க்கவும்." "கல்யாண மாசம், குதிரை கிடையாது." முழுப் பரிச்சை நேரத்துல வரலாறு மட்டுந்தான், பசங்க வருசத்தையெல்லாம் கண்ணால பார்த்தவனாட்ட எழுதிட்டு வந்தாங்க. அக்காவும் பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் புஸ்தகம் எடுப்பாங்க. "இந்த வாரம் கத்திக்குத்து ஒண்ணு வருது கண்ணு, சின்னதுதான், தாங்குவீங்களா?"ன்னு கேட்டுட்டே பக்கத்தைத் திருப்புவாங்க. படிக்கறப்ப அந்த மூஞ்சியைப் பார்க்கோணுமே நீங்க! பஞ்சும் இல்ல, நெஞ்சும் இல்ல, மூச்சு அது பாட்டுக்கு வந்துட்டுப் போகும்.

சனிக்கெழமை மட்டும் வேலைக் கதை. அதாவது ஒரு வேலையில இருந்து ஓய்வாகிப் போனவங்க அவங்க சர்வீசைப் பத்தி எழுதுவாங்களே, அது. மக்யா நாள் லீவுங்கறதால சனிக்கெழமை ஒதுக்கினோம். ஒரு நர்சம்மா எழுதினதை அக்கா படிச்சப்ப கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, ஆனா அந்த வாரந்தான் ஆறாம் நெம்பர் வீட்டுக் கொழந்தைக்கு வலிப்பு வந்துச்சு, தெருவே ஓடிப் போயி, யாரும் யாரையும் கேக்காம, கொழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயில எதையும் திணிக்காம, நேரத்தைப் பார்த்துட்டு நின்னோம். அது நல்லதுதானுங்களே. ஆனா ஒரு போஸ்ட்மாஸ்டரு முப்பத்தாறு வருசத்தை எழுதியிருந்தாரு. அக்கா சனிக்கெழமை ஆரம்பிச்சு, கீழ வெக்க மனசில்லாம மூணு நாள்ல முடிச்சாங்க. நாங்க மூணு நாள்ல முப்பத்தாறு வருசம் முத்திரை குத்துனோம், அதுக்கு மேல எங்க பன்னெண்டு மணி நேரம் தனி. கடைசிப் பக்கத்துல அவருக்கு மாலை போட்டு அனுப்பறாங்க. அன்னைக்குக் காத்தால நாப்பத்தியோரு வீட்டுப் படியிலயும் எல்லாரும் கழுத்துல பாரத்தோட, ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், யாரோ வந்து, போதும்பா, நீ ரொம்ப நாள் பாடுபட்டுட்டே, போயிப் படுன்னு சொல்லுவாங்கன்னு. யாரும் வரல. பட்டறைச் சங்கு ஊதுச்சு. எந்திரிச்சுப் போனோம்.

போன வைகாசியில நாங்க பத்துப் பேரு சேர்ந்து முதலாளிகிட்டப் போனோம். "முடியலீங்க. பன்னெண்டு மணி நேரத்தை எட்டாக்கி மூணு ஷிப்டா வைங்க"ன்னு கேட்டோம். அவரு கெட்டவரு இல்லீங்க, எங்களை உக்கார வெச்சு மோர் குடுத்துட்டுத்தான் பேசினாரு. இப்படி, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு:

"ஏங்கண்ணு, உங்களுக்கு வேலையால அலுப்புன்னா நான் குறைக்க மாட்டனா? இது தெய்வானை படிக்கறதால வர்ற அலுப்பு. ஊருக்கே தெரியும். அவ படிக்கறதுக்கு நான் எப்படி ஷிப்டைக் குறைக்கறது, நீங்களே சொல்லுங்க?"

நாங்க யோசிச்சுப் பார்த்தோம். நியாயமாத்தான் பட்டுச்சு. மோரைக் குடிச்சிட்டு வந்துட்டோம். அதுக்கப்புறம் எல்லாம் லேசாப் போச்சு. துணியில இழை விட்டுப் போச்சா, அக்கா படிச்சிட்டாங்க. பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுந்தமா, அக்கா படிச்சிட்டாங்க. ஆனி மாசம் ஒரு சாயங்காலம் மயிலாத்தாதான் போயி ஜன்னல்கிட்ட நின்னு, "அக்கா, கொஞ்சம் பார்த்துப் படிங்களேன். எங்களால முடியறதில்ல"ன்னு சொன்னா. அக்கா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "சரி கண்ணு"ன்னாங்க.

ஆடி பொறந்தப்புறம் நோவு மாறிப் போச்சுங்க. குதிரை வரல, கொலை வரல, கப்பலும் இல்ல, முற்றுகையும் இல்ல. வெறும் அலுப்பு. முதுகுல ஆரம்பிச்சு, தோளுக்கு ஏறி, கண்ணுக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கும். காத்தால எந்திரிக்கறப்பவே சாயங்காலமாட்ட இருக்கும். ஜன்னல்ல பார்த்தா அக்கா தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பாங்க, உதடு அசைஞ்சிட்டே இருக்கும். டீக்கடையில இது என்ன வகைப் புஸ்தகம்னு பெரிய விவாதம்.

எங்கூடத் தறி ஓட்டற அங்குராசு சொன்னான், "இது வேலைக் கதை மாமா. சந்தேகமே இல்ல."

"என்ன வேலைடா?"

"நம்ம வேலைதான். எவனோ ஒரு தறிக்காரன் எழுதியிருக்கறான். ஏழு மணிக்கு உள்ள போறான், ஒரு தறியில நூல் அந்து போச்சு, முடிச்சுப் போடறான், அடுத்த தறியில அந்து போச்சு, முடிச்சுப் போடறான், பக்கத்தைத் திருப்பினா மறுபடியும் ஏழு மணி."

"எத்தனை பக்கம்டா எழுதியிருப்பான் படுபாவி?"

"முடியற மாதிரி தெரியல மாமா."

"நம்ம பொழப்பையெல்லாம் எவன்டா புஸ்தகம் போடுவான்?"ன்னு டீக்கடைக்காரரு கேட்டாரு. அவரைப் பேசாம டீயை ஆத்தச் சொல்லிட்டோம்.

ஆவணி போச்சு, ஐப்பசி போச்சு, தை போச்சு, அந்தப் புஸ்தகம் முடியல. நானும் என் பங்குக்கு ஒண்ணு செஞ்சேன். அக்கா மாதிரி உக்காந்து, தலையைக் குனிஞ்சு, உதட்டை அசைச்சு, அந்த மூச்சு, ஈஈங்குன்னு ஒரு இழுப்பு இழுத்து நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குமே, அதை அப்படியே செஞ்சு காட்டுவேன். கோயில் விசேசம், கல்யாணம், எங்க போனாலும் அதைத்தான் கேப்பாங்க. அக்கா வீட்டு வாசல்லயே ஒரு தடவை செஞ்சிருக்கறேன். அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு அவங்களுக்கு.

மாசி மாசக் கடைசியில அங்குராசு ஓடற தறி மேலயே கண்ணசந்துட்டான். நாடா தெறிச்சுப் புருவத்தைப் பொளந்துருச்சு. ஆறு தையல். கண்ணு தப்பிச்சதே பெருசு. அமாவாசை அன்னைக்குப் பட்டறை லீவுங்கறதால மத்தியானம் வேப்பமரத்தடியில எல்லாரும் கூடினோம். முதலாளிக்கு நாற்காலி. அங்குராசு தலையில கட்டோட உக்காந்திருந்தான். அக்காவை வரச் சொன்னோம், வந்தாங்க, பத்து வீடு தாண்டி வர்றதுக்கு நாலு எடத்துல நின்னு வந்தாங்க.

முதலாளி சொன்னாரு, "பாருங்கம்மிணி, எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் கோவமில்ல. இன்னைக்குப் புருவம், நாளைக்குக் கண்ணு. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிட்டு மக ஊட்டுக்குப் போயிருங்க. அங்க போயி எத்தனை வேணாலும் படிங்க."

"அங்க பாயி விரிக்க எடமில்லீங்க"ன்னு அக்காவுக்குப் பதிலா மயிலாத்தா சொன்னா. நான் அவளை முறைச்சேன்.

"அப்பப் படிச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு நிறுத்தட்டும். ஆனி மாசமே மயிலாத்தா சொல்லியும் கேக்கலியே! இப்ப என்ன படிக்கறீங்க, அதையாவது சொல்லுங்க"ன்னாரு முதலாளி.

அக்கா பேசறதுக்கு வாயைத் தொறந்தாங்க. மூச்சு வரல. கையை மெல்லத் தூக்கி, இருங்கன்னு காட்டினாங்க. நாங்க இருந்தோம். வரல. நாப்பது வீட்டுச் சனம், மத்தியான வெயிலு, எல்லாருக்கும் போயிப் படுத்தாப் போதும்னு இருக்குது. முதலாளி என்ற பக்கம் திரும்பினாரு.

"ஏப்பா கிட்டு, நீதான் இவங்களாட்டவே பேசுவியே. இவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு நீ சொல்லு."

யாரோ சிரிச்சாங்க. எனக்கு ஒரு வியாதி உண்டுங்க. நாப்பது பேரு என்ற மூஞ்சியையே பார்த்தா எனக்கு வாய் நிக்காது. நான் எந்திரிச்சேன். தலையைக் குனிஞ்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினேன். ஈஈங்குன்னு இழுத்தேன், நடுவுல மாட்ட வெச்சேன், சரியா எல்லாரும் அவங்கவங்க மூச்சைப் புடிக்கற நேரம் பார்த்து விட்டேன்.

"நாந்தானுங்க... படிச்சேன். தறிக்காரன் கதைங்க... பாதிதான் ஆயிருக்குது. முடிக்காம... வெக்க மாட்டேனுங்க."

என்ன கைதட்டுங்கறீங்க! அங்குராசு தையல் வலியை மறந்து விசிலடிச்சான். முதலாளி தொடையைத் தட்டிட்டு, "சரி, முடிஞ்சுது. ஒத்துக்கிட்டாங்க"ன்னு எந்திரிச்சாரு. ஒத்துக்கிட்டது அக்கா வாய் இல்லைன்னு ஒருத்தருக்கும் தோணலீங்க. எனக்கே தோணல. அக்கா மட்டும் என்னைப் பார்த்தாங்க. கோவமா இருந்தாலும் தேவலை. சின்னப் பசங்க வெளையாட்டுல விழுந்து எந்திரிக்கறதைப் பார்ப்பாங்களே, அடி கிடி பட்டிருச்சான்னு, அப்படிப் பார்த்தாங்க.

அந்நேரம் பார்த்து ஒரு மொபெட் வந்து கூட்டத்தோரமா நின்னுச்சு. நூலகத்துல புஸ்தகம் அடுக்கற வெள்ளியங்கிரி. எங்க தெருவுக்கே அவன் வந்ததில்ல. ரொம்ப நாளா அக்காவைக் காணோமே, மேலுக்குச் சொகமில்லையோன்னு எட்டிப் பார்க்க வந்திருக்கறான். ஒரு காலைத் தரையில ஊணிக்கிட்டு, "என்னங்க கூட்டம்?"ன்னு டீக்கடைக்காரரைக் கேட்டான்.

"தெய்வானையக்கா படிச்சுப் படிச்சு எங்களுக்கெல்லாம் உசுரு போகுது. ஊட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு"ன்னாரு டீக்கடைக்காரரு.

அவனுக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்லீங்க. எப்ப பேசோணும், எங்க நிறுத்தோணும், எத்தனை எண்ணிட்டு ஆரம்பிக்கோணும், ஒரு எழவும் தெரியாது. கைதட்டு இன்னும் ஓயவே இல்ல, அதுக்குள்ள தொண்டை கிழியக் கத்திட்டான்.

"யாருங்க படிச்சது? ஆனி மாசமே அந்தக்கா கார்டைக் கொண்டாந்து என்ற கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க, தெருவுல யாருக்கும் முடியல, இனி வேண்டாம் கண்ணுன்னு! எட்டு மாசமா அவங்க ஒரு எழுத்துப் படிக்கலீங்க. உங்களுக்கு நோவறதெல்லாம் நீங்க பார்க்கற வேலைதானுங்க!"